வேட்டைக்கு ஒரு பேண்ட்

செப்டம்பர் 4

பஞ்சாயத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது. இனிமேல் எங்கள் வார்டில் காட்டுப்பன்றி விளைச்சலுக்குள் இறங்கினால் அதைச் சுடும் அதிகாரம் பெற்றவன், புளியம்பதி மாவு மில் நாச்சிமுத்துவாகிய நான். ஊர் கேரள எல்லைக்குள் இருப்பதால் இப்படி ஒரு வசதி. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவனைப் பஞ்சாயத்தே கூப்பிட்டுச் சுடச் சொல்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும் என் சகலைக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். பொறாமை.

வார்டில் துப்பாக்கி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்பா வாங்கியது. அவர் போன பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு வாங்கி வருவேன். வீட்டில் இருந்ததைவிட அது ஸ்டேஷனில் இருந்த காலம்தான் அதிகமாக இருக்கும். ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதான்.

மெம்பர் சுகுமாரன் மில்லுக்கே வந்து அனுமதியைக் கொடுத்தார். "நாச்சிமுத்தண்ணா, இனி எல்லாம் உங்க கையிலதான். மொதல்ல உங்க அக்கா காட்டுல ஆரம்பிங்க. அங்கதான் சேதம் ஜாஸ்தி" என்றார். மாவு அரைக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் நடக்காததுபோல் மிளகாய்த்தூளைச் சலித்துக்கொண்டிருந்தேன். தும்மல் வந்ததைத்தான் தவிர்க்க முடியவில்லை.

அக்கா சாமியாத்தாளின் கடலைக்காடு ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. மச்சான் காலமானதிலிருந்து அவளே உழுது விதைத்துப் பார்த்துக்கொள்கிறாள். போன வருஷம் பாதிக் கடலை பன்றிக்குப் போயிற்று. இந்த வருஷமும் போனால் காட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகன் வீட்டுக்கே போய்விடுவேன் என்று ஆடியிலேயே சொல்லிவிட்டாள். கல்யாண மண்டபம் கட்டுவதற்கு அந்தப் பக்கம் ஒருவர் நிலம் தேடிக்கொண்டிருக்கிறார். அக்கா ஊரைவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் போய்விட்டால் இந்த ஊரில் என்னை 'டா' போட்டுக் கூப்பிட ஒருவரும் கிடையாது.

ஆகவே நாளைக் காலையே காட்டில் இறங்குவது என்று முடிவு.

செப்டம்பர் 5

இறங்கவில்லை. காரணம் வேட்டி.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்று பார்த்தேன். மேலே எல்லாம் சரியாக இருந்தது. கீழே வெள்ளை வெளேர் என்று வேட்டி. பன்றி ஒன்றும் மடையன் இல்லை, எதிரே ஒரு மனிதன் நிற்கிறான் என்று அரை மைலுக்கு அப்பாலேயே அதற்குத் தெரிந்துவிடும். மடித்துக் கட்டினால் காலில் முள் கிழிக்கும், இறக்கிவிட்டால் தடுக்கும். ஓட நேர்ந்தால் வேட்டி இடுப்பில் நிற்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. நான் சொல்வது பன்றியைத் துரத்திக்கொண்டு ஓடுவதை.

மனைவி சுலோச்சனா காபியோடு வந்து வாசலில் நின்றாள். "உங்கப்பா வேட்டியோடதானுங்க வேட்டைக்குப் போனாரு?"

"அவர் காலம் வேற."

"பன்னி அதேதானுங்களே?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடக்காது. என்னிடம் இருக்கும் ஒரே பேண்ட் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தொடைக்கு மேல் ஏற மாட்டேன் என்றுவிட்டது. எனவே புதிதாக ஒன்று எடுக்க வேண்டும், நன்றாக உழைக்கிற துணியாக எடுக்க வேண்டும் என்றேன்.

"எடுங்க. அதாச்சும் இந்த வூட்டுல உழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 7

பொள்ளாச்சி போனேன். மூன்று மாடி ஜவுளிக்கடை. பேண்ட் பகுதியில் நின்றவர் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "ஆபீசுக்குங்களா, விசேசத்துக்குங்களா?" என்று கேட்டார்.

"வேட்டைக்கு."

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்துப் பகுதி ஆளைப் பார்த்து, "அண்ணே, சாருக்கு வேட்டைக்காமா" என்றார். சட்டைப் பகுதி, பனியன் பகுதி எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் ஜீன்ஸை எடுத்துப் போட்டார். நல்ல கெட்டித் துணிதான், ஆனால் பனியில் நனைந்தால் கனம் தாங்காது, மறுநாள் வரை காயாது. இன்னொருவர் காக்கியைக் காட்டினார். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் பழனி வண்டிக் கண்டக்டர் நிற்கிறார். மூன்றாவது இழுத்தால் நீளும் துணி. காலடியில் இவ்வளவு குறுகலாகத் தைத்துவைத்தால் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டா நுழைப்பது?

கடைசியில் பாசி நிறத்தில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பேண்டில் பார்க்க வேண்டியது இடுப்பை அல்ல. குந்தி உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேட்டைக்காரன் முக்கால்வாசி நேரம் குந்தித்தான் இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கும் அறையில் குந்த இடம் இல்லை. அதனால் வெளியே வந்து, எல்லோரையும் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, கடை நடுவில் குந்தினேன்.

கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கிழிந்ததை நானே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்க வெட்கப்பட்டு, இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்; இடத்தை விட்டுக்கொடுப்பதாக நினைத்து ஒரு அம்மாள் ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

செப்டம்பர் 8

நேற்று வடக்கு வரப்போரம் நான்கு பாத்தியைப் பன்றி தோண்டிவிட்டதாம். அக்கா போனில் சொன்னாள். "பேண்ட் எடுத்தாச்சாடா?" என்றும் கேட்டாள். சுலோச்சனா வாய் சும்மா இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 10

கடைப் பேண்ட் நமக்கு ஒத்துவராது, அளவெடுத்துத் தைப்பதுதான் சரி. டெய்லர் சிக்கந்தர் பாயிடம் போனேன். முகூர்த்தக் காலம், கடை முழுக்க ஜாக்கெட் துணி. மெஷினை நிறுத்தாமலேயே தலையை மட்டும் ஆட்டினார்.

"வேட்டைக்கு ஒரு பேண்ட் தைக்கோணும் பாய்" என்றேன்.

"வேட்டிக்கா?"

"ஆமாங்க, வேட்டைக்குத்தான்."

"இப்பெல்லாம் யாரு மில்லுக்காரரே கேக்கறாங்க. அந்தக் காலத்துல பெரிய மனுசங்க தச்சுப் போடுவாங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"குந்துனாக் கிழியக் கூடாது."

"கிழியாது. ரெண்டு காலும் சேர்ற எடத்துல ஒரு துண்டு சேத்துத் தச்சுர்றேன். சம்மணமே போடலாம்."

விஷயம் தெரிந்த மனிதர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். "நடக்கறப்ப சரக்கு சரக்குனு சத்தம் வரக் கூடாது பாய்."

"பஞ்சாட்டம் துணி போடறேன்."

"முக்கியமா, வெளிய தெரியக் கூடாது. பக்கத்துல வந்து நின்னாலும் தெரியக் கூடாது."

"அதுக்குத்தானே தைக்கறது? நீங்க போட்டிருக்கறது உங்க வீட்டம்மாவுக்கே தெரியாது."

"கலரு உங்க இஷ்டம். சுத்தி என்ன இருக்குதோ அதோட ஒட்டிப் போயிரோணும்."

"வெளங்குது, வெளங்குது" என்று நூலைக் கடித்தார். ஒரு வாரம் ஆகும் என்றார். அவசரமே இல்லை பாய், ஜாக்கெட்டை எல்லாம் முடித்துவிட்டு மெதுவாகத் தையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல வேலைக்காரரை அவசரப்படுத்தக் கூடாது.

செப்டம்பர் 13

அக்கா மில்லுக்கு வந்தாள். ராகி அரைக்க வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, காதுக்குள் கையை விட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம். அதில் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறாள். வயதாகிவிட்டது அவளுக்கு. வீட்டில் நேரத்துக்குப் படுத்துத் தூங்க வேண்டியதுதானே.

எழுப்பியபோது திடுக்கிட்டு எழுந்து, பக்கத்தில் எதையோ கையால் தேடினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்படா வர்றே?" என்றாள்.

"பாய்கிட்டத் தைக்கக் குடுத்திருக்கேன்க்கா. பதினேழாந்தேதி ஆயிரும்."

"சரி சாமி. உன்னால முடியறப்ப வா" என்று மாவுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 17

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பாய் பேப்பரில் சுற்றி வைத்திருந்ததைப் பெருமையோடு பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேர் என்று, மல் துணியில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும், நாடா வைத்து ஒரு உருப்படி இருந்தது.

"இது என்னங்க பாய்?"

"நீங்க கேட்டதுதான். வேட்டிக்குள்ள போட்டீங்கன்னா வெளிய தெரியவே தெரியாது. வெள்ளையோட வெள்ளையா ஒட்டிப் போயிரும்."

"வேட்டைன்னேன் பாய்."

"நானும் வேட்டின்னுதானே தச்சேன்."

"வேட்டை. வேட்டை. பன்னி."

"பன்னிக்கு எதுக்குங்க வேட்டி?"

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. ஜாக்கெட் வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு உள்ளே வந்தார்கள். பாயைக் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பது வயது தாண்டிய மாவு மில்காரன் வந்து நின்றால் யாருக்கும் வேட்டிதான் ஞாபகத்துக்கு வரும். அவர் வேறு ஒன்று தைத்துத் தருகிறேன் என்றார், ஆனால் கையில் இருக்கும் ஜாக்கெட் எல்லாம் முடித்து ஐப்பசியில்தான் முடியும் என்றார்.

சுலோச்சனாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. தண்ணீர் குடித்தாள், சர்க்கரை தின்றாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி விக்கல்.

செப்டம்பர் 18

அதை டீத்தூளில் போட்டுக் கொதிக்கவைத்தால் மண் நிறம் வரும் என்று எனக்குத் தோன்றியது. கொதிக்கவைத்தேன். நிறம் வந்தது. என்ன நிறம் என்று எழுத மாட்டேன்.

ஆனால் வேட்டிக்குள் போட்டுக்கொண்டு மில்லில் நாள் முழுக்க நின்றேன். உண்மையைச் சொன்னால் அவ்வளவு சுகமாக இருக்கிறது. பாயிடம் இன்னும் இரண்டு தைக்கச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 20

தெற்கு மூலையும் போயிற்று. அக்கா சொல்லவில்லை, மெம்பர் சொன்னார்.

செப்டம்பர் 21

மகள் சிந்துஜாவுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள், எதுவானாலும் செல்போனிலேயே வாங்கிவிடுவாள்.

"மலை ஏர்றவங்க போடற பேண்ட்டு இருக்குதுங்கப்பா. கிழியாது, சீக்கிரம் காஞ்சிரும், பாக்கெட்டு நெறைய இருக்கும். யாருக்கு?"

"எனக்கு."

"எதுக்குங்கப்பா?"

"வேட்டைக்கு."

  "அம்மாகிட்டக் குடுங்க" என்றாள்.

இடுப்பு அளவு கேட்டதற்கு நான் ஒன்று சொன்னேன். சுலோச்சனா போனைப் பிடுங்கி வேறொன்று சொன்னாள். அவள் சொன்னதைத்தான் மகள் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 26

பார்சல் வந்தது. பச்சையும் கறுப்புமாய்த் திட்டுத் திட்டாக, பார்த்தாலே வீரம் வருகிற மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு கடைவீதிப் பக்கம் ஒரு நடை போனேன். மெம்பர் சுகுமாரன் பைக்கை நிறுத்தி என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணா, இது பட்டாளத்துக்காரங்க துணி மாதிரியில்ல இருக்கு? இதைப் போட்டுட்டுத் துப்பாக்கியோட போனீங்கன்னா போலீஸ் பன்னிய விட்டுட்டு உங்களத்தான் பிடிக்கும். நான் ஜாமீனுக்கு வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அரசாங்கக் காரியத்தில் இருக்கிறவன் சட்டத்தை மீறக் கூடாது. உடனே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். மாற்று வர ஒரு வாரம் ஆகும் என்று சிந்துஜா வருத்தப்பட்டாள். எவ்வளவு நாள் ஆனாலும் பொறுத்திருக்கத் தயார் என்று ஆறுதல் சொன்னேன்.

செப்டம்பர் 29

அக்கா காட்டுப் பக்கம் போனேன். பன்றி தோண்டின இடம் எல்லாம் மண் புரண்டு கிடந்தது. நடுவில் கல்யாண மண்டபக்காரர் நின்றுகொண்டு, எங்கே வாசல், எங்கே கார் நிறுத்துவது என்று கூட வந்தவருக்குக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பந்தி நடக்கும் இடம் என்று அவர் காட்டியது அக்காவின் கிணறு. மூடிவிடலாமாம்.

அக்கா களைக்கொட்டோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். "சும்மா பாக்கறேன்னாரு, பாக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்றி நினைப்பில் அந்த ஆளைச் சுட்டுவிடலாம் என்று இருந்தது.

அக்டோபர் 3

வந்துவிட்டது. இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காய்ந்த மண் நிறம். முழங்காலில் இரட்டைத் துணி. இடுப்பில் கொஞ்சம் இளகிக்கொடுக்கும் பட்டி, சாப்பிட்டாலும் உறுத்தாது. கவட்டில் பாய் சொன்ன அதே மாதிரி துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடுகிறது. முள்வேலியில் வேண்டுமென்றே உரசிப் பார்த்தேன், ஒரு நூல் பிரியவில்லை. குந்தினேன், எழுந்தேன், சம்மணம் போட்டேன், மில்லில் மூட்டை மேல் ஏறி இறங்கினேன். இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் பாக்கெட்டு, எல்லாம் அழுத்தினால் ஒட்டி, பிய்த்தால் திறக்கும் ஒட்டுப்பட்டி வைத்தவை. பன்றி சுடப் போகிற மனிதனுக்கு இதைவிட நல்ல பேண்ட் கிடைக்காது.

இரவு சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. புளிக்குழம்பு காரமாக இருந்தது.

அக்டோபர் 4

இன்று எனக்குச் சந்திராஷ்டமம். ஆயுதம் தொடக் கூடாது.

அக்டோபர் 5

மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

அக்டோபர் 6

சாயம் போகிறதா என்று துவைத்துப் பார்த்தேன். போகவில்லை. சீக்கிரம் காயும் என்றார்கள், சீக்கிரமே காய்ந்துவிட்டது. நிழலில் போட்டிருக்க வேண்டும்.

அக்டோபர் 7

பேண்டை மடித்து என் எதிரில் வைத்துவிட்டு சுலோச்சனா உட்கார்ந்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"ஏனுங்க, பயமா இருந்தாச் சொல்லீருங்க. அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அவிய ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

பயம் என்ற சொல்லை இந்த வீட்டுக்குள் யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. நாளை விடியற்காலை போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் மில்லுக்குள் போய் மெஷினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அரைக்க ஒன்றும் இல்லை.

அக்டோபர் 8

விடிவதற்கு முன்பே கிளம்பினேன். சுலோச்சனா நெற்றியில் திருநீறு பூசி, மீதியைப் பொட்டலம் கட்டிப் பாக்கெட்டில் வைத்தாள். பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி ஈரம் உள்ளே வரவில்லை, முள் ஏறவில்லை, நடந்தால் சத்தமே இல்லை. கால்களைப் பற்றிய கவலை அறவே இல்லாததால் மற்றக் கவலைகளுக்கு நிறைய இடம் கிடைத்தது.

அக்கா காட்டுச் சாளையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீற்று வேய்ந்த சின்னக் குடிசை, கோடையில் மண்வெட்டி, கூடை வைக்கிற இடம். உள்ளே கயிற்றுக்கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலையோடு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பக்கத்தில் எண்ணெய் டின், கையில் ஒரு குச்சி.

"நீ எப்பக்கா வந்தே?" என்றேன்.

"நான் எங்கடா போனேன்" என்றாள்.

ஆவணியிலிருந்தே ராத்திரி முழுக்க இங்கேதான் இருக்கிறாளாம். பன்றி வரும் சத்தம் கேட்டால் டின்னைத் தட்டுவாளாம். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் இறங்குமாம், அங்கே ஓடிப்போய்த் தட்டுவதற்குள் நான்கு பாத்தி போய்விடுமாம். அன்றைக்கு மில் பெஞ்சில் அவள் தூங்கியது ஞாபகம் வந்தது. எழுந்தவுடன் அவள் கை தேடியது இந்தக் குச்சியைத்தான். வயதாகிவிட்டது என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நான் கட்டிலின் மறு முனையில் உட்கார்ந்தேன். கிழக்கே லேசாக வெளுக்கிற நேரத்தில் கடலைச் செடியைப் பிடுங்கி மெல்லுகிற சத்தம் கேட்டது. பெரியதாக ஒன்று, பின்னால் தாயும் குட்டிகளும். ரொம்பக் கிட்டத்தில். அக்கா டின்னைத் தூக்கினாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். துப்பாக்கிக்குத் தோட்டா போட வேண்டும்.

எந்தப் பாக்கெட்டில் என்பதுதான் தெரியவில்லை. முதலாவதைத் திறந்தேன். ஒட்டுப்பட்டி பர்ர்ரென்று பிய்ந்தது. அந்த அமைதியில் அது துணி கிழிகிற சத்தமாக இல்லை, யாரோ தேங்காய் மட்டையை உரிக்கிற மாதிரி இருந்தது. உள்ளே திருநீறு. பன்றிகள் தலையைத் தூக்கின. அடுத்தது, பர்ர்ர். கொசுத் தைலம். அடுத்தது, பர்ர்ர். பொட்டுக்கடலை. பெரிய பன்றி ஒரு அடி பின்னால் வைத்தது. டின் சத்தம் அதற்குப் பழகியிருந்தது, இது என்ன பிராணி என்று தெரியவில்லை. நான் பதற்றத்தில் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிய்த்தேன். அவ்வளவுதான், பெரியது, தாய், குட்டிகள் எல்லாம் வேலியைத் தாண்டி ஓடியே போயின.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பில் கட்டிலே ஆடியது.

காற்று எனக்கு எதிராக வீசியதால் சுட முடியாமல் போயிற்று என்று மெம்பரிடம் சொல்ல வேண்டும். தோட்டா எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. வீட்டில் பீரோவிலேயே இருந்திருக்கிறது. மறதி.

"அது இருக்காதுன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மறந்துட்டேன்க்கா."

"கோழி அறுத்தா நீ அந்தாண்டப் பக்கம் போயிருவே. கொழம்பு கொதிக்கற வரைக்கும் வூட்டுப் பக்கமே வர மாட்டே. உன்னையப் போயிப் பன்னி சுடுன்னு நான் கேப்பனாடா?"

"பின்னே எதுக்குக்கா வரச் சொன்னே?"

அக்கா குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். "ஒத்தையில பயமா இருக்குதுடா" என்றாள். "மச்சான் இருந்தப்ப ரெண்டு பேரு இருப்போம், பேசிட்டு இருந்தா விடிஞ்சிரும். இப்ப யாருகிட்டப் பேசறது? நீ வந்து உக்காந்திருந்தாப் போதும்னுதான் கூப்பிட்டேன். துப்பாக்கி கிப்பாக்கின்னெல்லாம் நான் எப்பச் சொன்னேன்? நீ வேட்டியக் கட்டிட்டே வந்திருக்கலாமேடா."

பயம் என்று அவள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். நான் இத்தனை நாளாகத் துணி தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை பாக்கெட்டில் ஒன்றில்கூடக் கைக்குட்டை இல்லை. அக்கா தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தாள்.

நன்றாக விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பொட்டுக்கடலையைத் தின்றோம்.

அக்டோபர் 9

மெம்பரிடம் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குச் சுட வராதுங்க" என்றேன். "அப்படின்னு நானும் நெனைச்சேன்" என்றார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மில்லைப் பொழுது சாய்வதற்குள் பூட்டிவிட்டு அக்கா காட்டுக்கு நடந்தேன்.

அக்டோபர் 15

ஒட்டுப்பட்டிச் சத்தம் பன்றிகளுக்குப் பழகிவிட்டது. இப்போது ஆளுக்கு ஒரு டின். நான் வடக்கே, அக்கா தெற்கே. நடுவில் சாளைக்கு வந்து டீ குடிக்கிறோம். அவள் பேசுகிறாள், பேசுகிறாள், அப்படிப் பேசுகிறாள். மகன் வீட்டு லிப்டில் மாட்டிக்கொண்ட கதையை மட்டும் மூன்று முறை சொல்லிவிட்டாள். நேற்று சுலோச்சனாவும் தோசை கட்டிக்கொண்டு வந்தாள். வரப்பில் நின்று என் பேண்டை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். கல்யாணமானதிலிருந்து என் உடுப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அக்டோபர் 24

கடலை பறித்தாயிற்று. பன்றி தின்றது போக மீதி அக்கா வீட்டு முற்றத்தில் காய்கிறது. போன வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இன்று காலை மண்டபக்காரர் வந்தார். நான் அதே பேண்டைப் போட்டுக்கொண்டு கடலையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் கொடுக்கிற எண்ணம் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று அவர் விடாமல் கேட்டார். அக்கா என் காலைப் பார்த்தாள்.

"தம்பி பேண்ட்டு எத்தனை நாளைக்கு உழைக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றனுங்க" என்றாள்.